திறக்காத பொன்குப்பி

வலது பக்கம் போவாதிய தம்பி. வலது பக்கம் போனா அந்தக் கல்லுக் கெழவன் வந்து நிப்பான், உங்க கோஷ்டியில இருக்கற மந்திரக்காரி ஒரே அடியில காலி. இடது பக்கமா அந்தப் பாலத்துல ஏறுங்க. ஆங், அப்பிடித்தான். அடுத்தவன் வெளையாட்டுல தலைய நீட்டுதானே இந்த ஆளுன்னு நெனைக்காதிய. நீங்க இந்தப் பெஞ்சுல வந்து உக்காந்து பைக்குள்ள இருந்து அந்தக் கேம் பெட்டிய எடுத்ததுல இருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். வாய மூடிக்கிட்டு இருப்போம்னுதான் நெனைச்சேன். முடியல.

யாருக்காக வந்திருக்கிய? அம்மாவுக்கா? சுகரா? அது ஒண்ணுமில்ல, ரத்தம் எடுத்துட்டு இப்ப வெளிய வந்துருவாவ. நான் எம் மவளுக்காக வந்திருக்கேன். சுபாஷினின்னு பேரு, சுபான்னு கூப்பிடுவோம். காலேஜ் படிக்கா. காய்ச்சல். இந்தக் கதவத் தொறந்தா மொத கட்டில்ல கெடக்கா பாருங்க, மஞ்சப் போர்வை, அவதான். டெங்குன்னு சொல்லுதாவ. இந்த ஊர்ல எவனுக்குத் தும்மல் வந்தாலும் டெங்குதான். அத விடுங்க, பொறவு சொல்லுதேன்.

எம் பேரு பால்வண்ணம். இந்தச் சங்கரன்கோவில்ல தேரடிக்குப் பின்னால ஒரு கேம் சென்டர் இருந்துச்சு, கேள்விப்பட்டிருப்பிய. நீங்க சின்னப் புள்ள, கேள்விப்பட்டிருக்க மாட்டிய. அது நம்மளதுதான். ஆளாளுக்கு ஒரு செல்போன் வந்ததும் பயலுவ வரத்து நின்னு போச்சு. இப்ப அதே எடத்துல சார்ஜரும் போன் கவரும் விக்கேன். ஆனா பழைய கேம் பெட்டியும் ஆட்டம் இருக்கற டப்பாக்களும் வீட்டுல பத்திரமா இருக்கு. டப்பா மேல பூராம் ஜப்பான்காரன் எழுத்து, நமக்கு என்னத்த வெளங்குது? பயலுவளா பாத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு வச்சானுவ. அந்தப் பேரத்தான் உங்களுக்குச் சொல்லப் போறேன். கடையில போய் இந்தப் பேரச் சொல்லிக் கேட்டுறாதிய, கோட்டிக்காரன்னு நெனைப்பான்.

நீங்க நல்லா ஆடுதிய, ஆனா அவசரப்படுதிய. அவசரக்காரங்களுக்கு மொதல்ல தாவுத ஆட்டம்தான் சரி. அதுல ஒண்ணே ஒண்ணுதான் உருப்படி, 'குண்டுப்பூனை'. ஒரு பூனை, வயிறு தொங்கத் தொங்க ஓடும், பட்டன அமுக்கினா தாவும். பள்ளம் வரும், முள்ளு வரும், மேல இருந்து கல்லு விழும். வேற ஒண்ணும் கெடையாது. ஆனா அந்தக் கோயில் கோபுரம் மாதிரி ஒரு கட்டம் வரும் பாருங்க, அடுக்கடுக்கா, அதுல ஏறி உச்சிக்குப் போறதுக்குள்ள உங்களுக்குப் பொறுமைன்னா என்னன்னு தெரிஞ்சிரும். காசு சேத்தா உயிரு கூடும். நான் அந்த ஆட்டத்த முடிக்கும்போது உயிரு எக்கச்சக்கமா மிச்சம். ஒத்தப் பள்ளத்துலகூட விழல.

எம் பொண்டாட்டி ஆவுடைக்கும் அந்தப் பூனைய ரொம்பப் புடிக்கும். கடைக்குச் சாப்பாடு கொண்டாருவா. வந்தவ தூக்குவாளிய வச்சிட்டுப் போவ வேண்டியதுதானே? மாட்டா. பயலுவள நகரச் சொல்லிட்டு நின்னமேனிக்கே ஆடுவா. எப்பிடி ஆடுவாங்கிய? தல கால் தெரியாம ஓடுவா. கையில இருக்கற உயிரப் பூராத்தையும் அரை நிமிஷத்துல தீத்துட்டு, 'அய்யய்யோ செத்துட்டேன்'னு சிரிப்பா. பயலுவளும் சிரிப்பானுவ. எனக்கு வயிறு எரியும். அடி கூறுகெட்டவளே, ஒண்ண ரெண்ட மிச்சம் வைக்கக்கூடாதான்னு கேப்பேன். 'வச்சு என்ன செய்ய? வீட்டுக்கா கொண்டு போவப் போறேன்?'ம்பா. வீட்டுலயும் அப்பிடித்தான். தீபாவளிக்கு எடுத்த சேலைய மறுநாளே கட்டிக்கிட்டு மாவு அரைக்கப் போவா. அவ இப்ப இல்ல. போன வருசத்துக்கு முந்துன வருசம் போய்ச் சேந்துட்டா.

இல்ல இல்ல, நீங்க ஆடுங்க. ஆடிக்கிட்டே கேளுங்க.

அடுத்தது கட்டம் போட்ட ஆட்டம். ஆடு புலி ஆட்டம் மாதிரின்னு வச்சுக்கிடுங்க, நீங்க ஒரு ஆள நகத்தணும், அவன் ஒரு ஆள நகத்துவான். 'நீலக்கொடி'. இத மட்டும் ஆடாம விட்டுறாதிய. உங்க படையில இருக்கற ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பேரு உண்டு, மூஞ்சி உண்டு. வில்லுக்காரன் ஒருத்தன், ஈட்டிக்காரன் ஒருத்தன், வெள்ளச் சேலை கட்டுன மருத்துவச்சி ஒருத்தி. மத்த ஆட்டம் மாதிரி இல்ல. இதுல செத்தவன் செத்தவன்தான். திரும்பி வரமாட்டான். அடுத்த கட்டத்துல அவன் நின்ன எடம் காலியா இருக்கும். அந்தக் காலி எடத்தப் பாக்கும்போது நெஞ்சு திக்குனு இருக்கும் தம்பி, பொய் சொல்லல.

அதுல எப்பிடி ஜெயிக்கணும்னா, சாமானச் செலவழிக்கக்கூடாது. நல்ல வாளு, நல்ல மருந்து எல்லாம் கடைசிக் கோட்டைக்கு வேணும். நடுவுல சண்டை வரும், நம்ம ஆளு அடி வாங்குவான், கை பரபரன்னு வரும், மருந்தக் குடுத்துருவோமான்னு. குடுக்கக்கூடாது. நான் கோட்டை வாசலுக்குப் போய்ச் சேரும்போது மூட்டை நெறைய மருந்து. படையில ஆளுதான் ரெண்டு மூணு பேரு. சுபா அப்ப பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டு இருந்தா, பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தவ கேக்கா, 'ஆளே இல்லாம இம்புட்டு மருந்த யாருக்குப்பா குடுக்கப் போற?'ன்னு. வாயப் பாத்தியளா? அம்மைய உரிச்சு வச்சிருக்கா.

என்னம்மா நர்ஸு? ஆமா, சுபாஷினி அப்பாதான். ஈறுல ரத்தமா? காலையிலயும் வந்துச்சுல்லா, பஞ்சு வச்சு நின்னுச்சே. பஞ்சு வைங்க. டாக்டர் சொன்னது தெரியும்மா. யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன். சரி. சரிம்மா.

பாத்தியளா, வேலையே இல்லாம வந்து வந்து பயங்காட்டுதாவ.

எங்க விட்டேன்? ஆங். கடைசியா ஒண்ணு இருக்கு. எல்லாத்துக்கும் ராசா. 'ஏழு கிணறு'. இது கதை ஆட்டம், நாலு பேரு கோஷ்டியா ஊர் ஊராப் போவணும். ஒவ்வொரு ஊர்லயும் ஒரு கிணறு, ஒவ்வொரு கிணத்துக்குள்ளயும் ஒரு உலகம். ஒரு வருசம் ஆடலாம். ராசா மவன் ஒருத்தன், திருடன் ஒருத்தன், மந்திரக்காரி ஒருத்தி, பேசத் தெரியாத ஒரு வாட்டசாட்டமான ஆளு. அந்தப் பேசத் தெரியாதவன் நாலாவது கிணத்துல ஒரே ஒரு வார்த்தை பேசுவான் பாருங்க, சென்டர்ல இருந்த பயலுவ அம்புட்டு பேரும் அழுதுட்டானுவ. நான் அழல, கடை நடத்துதவன் அழலாமா? வீட்டுக்குப் போய் அழுதேன்.

அதுல பொன்குப்பின்னு ஒண்ணு கெடைக்கும். சின்னக் குப்பி, தங்கக் கலரு. அதத் தொறந்தா போதும், நாலு பேருக்கும் முழு உயிரு. விஷம், காயம், சாபம் எல்லாம் போயிரும். கடையில விக்க மாட்டான். எங்கயாவது பாறைக்குப் பின்னால, எவனும் போவாத மூலையில கெடைக்கும். நான் எல்லாத்தையும் தேடி எடுத்தேன். ஒண்ணக்கூடத் தொறக்கல. எத்தனையோ தடவ கோஷ்டி பூரா செத்து விழுந்து, ஆரம்பத்துல இருந்து வந்திருக்கேன். தொறக்கல. கடைசி அரக்கன்கிட்டயும் தொறக்கல, ஏன்னா அவனுக்குப் பின்னால இன்னொருத்தன் இருந்துட்டா? இல்ல. அவனோட ஆட்டம் முடிஞ்சிருச்சு. பேரு பேரா எழுத்து ஓடுது, பையில பொன்குப்பி அத்தனையும் அப்பிடியே ஜொலிக்கு. இந்த ஜில்லாவுல எவனும் அப்பிடி முடிச்சிருக்க மாட்டான்.

ஏன் சிரிக்கிய? எல்லாரும் சிரிக்கத்தான் செய்வாவ. எம் மச்சினன் சிரிக்க மாட்டான். ஆவுடையோட தம்பி. அவன் எங்க வீட்டு வாசல மிதிச்சு ரெண்டு வருசம் ஆச்சு. அக்காளக் கொன்னுட்டியன்னு சாவு வீட்டுல வச்சு, நாலு பேரு முன்னால, எம் முகத்துக்கு நேரா சொன்னான் தம்பி. அவள நானா கொன்னேன்? கேளுங்க, நீங்களே ஞாயத்தச் சொல்லுங்க.

எனக்கு நெசமாவே ஒரு பொன்குப்பி கெடைச்சுது. ஒரு சீசனுக்குக் குத்தாலம் போயிருந்தோம், ஐந்தருவி. நல்ல தண்ணி, நல்ல கூட்டம். எம் பக்கத்துல நின்ன சின்னப் புள்ள ஒண்ணு கால் வழுக்கி அப்பிடியே தண்ணியோட போவுது. நான் எட்டி மயிரப் புடிச்சு இழுத்தேன். கொத்தா கையில வந்துருச்சு. ஆனா புள்ள வந்துருச்சு. அவங்க அப்பா ஓடியாந்தாரு. மதுரையில பெரிய ஆஸ்பத்திரியில பெரிய டாக்டர், மீனாட்சிநாதன்னு பேரு. அவ்வளவு பெரிய மனுசன் ஈர வேட்டியோட எங் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. 'அண்ணாச்சி, எப்ப வேணும்னாலும், என்ன வேணும்னாலும், எனக்கு ஒரு போன் அடிங்க'ன்னாரு. நம்பரக் குடுத்தாரு.

எப்ப வேணும்னாலும்னு வாயால சொல்லுவாவ. ஆனா கணக்கு ஒரு தடவதான், இது எனக்குத் தெரியாதா? ஒரு தடவ போனா ஓடி வருவாரு. ரெண்டாந்தடவ 'சார் மீட்டிங்ல இருக்காரு'ம்பான். பெரிய மனுசங்க வாக்கு அப்பிடித்தான் தம்பி. அதனால நான் பத்திரமா வச்சுக்கிட்டேன். சொந்தக்காரன் ஒவ்வொருத்தனா வந்து நிப்பான், எங்க அத்தைக்குக் கண்ணு ஆபரேசன், எங்க அண்ணனுக்கு மூட்டு வலி, ஒம் மதுரை டாக்டர்கிட்டச் சொல்லேன்னு. அசஞ்சேனா? அசையல.

அப்பத்தான் ஆவுடைக்கு வயித்து வலி வந்துச்சு. வயித்து வலிதான், வேற ஒண்ணுமில்ல. மொதல்ல வாயுன்னு சொன்னாவ. கசாயம் குடிச்சா. பொறவு சுருண்டு சுருண்டு படுத்தா. இதே ஆஸ்பத்திரிதான், இதே பெஞ்சுதான், ஏதோ கணையம் வீங்கியிருக்கு, மதுரைக்குக் கொண்டு போங்கன்னாவ. பெரிய ஆஸ்பத்திரியில எடம் கெடைக்கறது கஷ்டம், தெரிஞ்சவங்க இருந்தா ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கன்னாவ. ஆவுடை எம் மூஞ்சியவே பாக்கா. 'அந்த டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்'ங்கா. நான் என்ன சொன்னேன்? 'ஏ புள்ள, வயித்து வலிக்கெல்லாமா போய் அவர்ட்ட நிக்கது? நாளைக்கு உனக்கே பெருசா ஒண்ணு வந்தா என்ன செய்வோம்?'ன்னேன். அவளுக்காகத்தானே தம்பி சொன்னேன்? எனக்காகவா சொன்னேன்?

கார் புடிச்சுக் கொண்டு போனேன். காசப் பாக்கல. அந்தப் பெரிய ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒரு தள்ளுவண்டியில படுக்க வச்சிருந்தாவ. கட்டில் காலியாவட்டும்னாவ. காத்துக் கெடந்தோம். அவ தண்ணி தண்ணின்னு கேக்கா, குடுக்கக்கூடாதுங்காவ. மீனாட்சிநாதன் சார் ரூமு மேல் மாடி. போர்டுல பேரு போட்டிருக்கு, நான் பாத்தேன். படியேறினா அவரு. ஏறலாமா ஏறலாமான்னு எனக்கும் வந்துச்சு, வரலன்னு சொல்லல. அப்ப அவ கொஞ்சம் அசந்து தூங்குன மாதிரி இருந்துச்சு. சரி, வலி அடங்கிருச்சு, இனிமே ஒண்ணும் வேண்டாம்னு நெனைச்சேன். அது தூக்கம் இல்ல. கட்டில் கெடைச்சுது, கெடைச்சு என்ன? அன்னைக்குச் சாயந்தரமே போயிட்டா.

நான் அழுத அழுகைய யாரு பாத்தா? எம் மச்சினன் பாத்தானா? இப்பமும் சோத்துல கை வச்சா அவ நெனப்பு வந்துருது. ருசியே தெரியல.

கருமாதிக்கு மீனாட்சிநாதன் சார் வந்தாரு. எவனோ போய்ச் சொல்லியிருக்கான். மதுரையில இருந்து கார் போட்டு வந்து, என் வீட்டுத் தரையில உக்காந்தாரு. 'என் ரூமுக்குக் கீழயே கெடந்திருக்காங்களே அண்ணாச்சி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?'ன்னு கண்ணு கலங்குனாரு. சுபா தலையத் தடவிக் குடுத்து, அவளுக்கும் நம்பர எழுதிக் குடுத்தாரு. எல்லாரும் அதக் கேட்டுட்டு என்னத்தான் மொறைச்சாவ. எனக்கு அந்த வெசனத்துலயும் ஒண்ணு மட்டும் நெஞ்சுல நின்னுச்சு தம்பி. அவரு மறக்கல. அந்த வாக்கு அப்பிடியே இருக்கு. போனவ போயிட்டா, ஆனா குப்பி கையில இருக்கு. அன்னைக்கு நான் தைரியமா படுத்தேன்னா அதனாலதான்.

நீங்க ஏன் ஆட்டத்த நிறுத்திட்டிய? அந்தப் பாலத்துக்கு அங்கிட்டு ஒரு குடிசை இருக்கும், அதுல சேவ் பண்ணிக்கிடுங்க.

சுபாவுக்கு என்னன்னா கேக்கிய? காய்ச்சல் விட்டுருச்சு தம்பி, அதச் சொல்ல மாட்டேங்காவ. நேத்துல இருந்து உடம்பு தொட்டா ஜில்லுன்னு இருக்கு. அப்ப சரியாப் போச்சுன்னுதானே அர்த்தம்? இவிய என்னடான்னா காய்ச்சல் விட்ட பொறவுதான் ஆபத்துங்காவ. ரத்தத்துல பிளேட்லெட்டு எறங்கிக்கிட்டே போவுதாம். காலையில இந்த டாக்டர் கூப்பிட்டு, இனிமே இங்க வச்சுக்கிட முடியாது, மதுரைக்குக் கொண்டு போங்க, அங்க ஒரு ஆஸ்பத்திரியிலயும் கட்டில் இல்ல, ஊரு பூரா இதே காய்ச்சல், தெரிஞ்சவங்க யாராவது இருக்காவளான்னாரு. ஒருத்தரும் இல்லன்னுட்டேன்.

அப்பிடிப் பாக்காதிய. அவ என் ஒத்தப் புள்ள. எனக்கு இருக்கறதே அவதான், எனக்குப் பதறாதா? சோறு தண்ணி இல்லாம இங்கனதான் கெடக்கேன். ஆனா நெனைச்சுப் பாருங்க. அவளுக்கு வயசு கெடக்கு. நாளைக்குக் கல்யாணம் ஆவும், புள்ளப்பேறு வரும், அப்ப எவ்வளவு பெரிய சங்கடம் வரும்? அன்னைக்கு அந்த மனுசன்கிட்டப் போய் நின்னா, அதான் காய்ச்சலுக்குச் செஞ்சு குடுத்தேனேம்பாரு. அப்ப நான் யாரு மூஞ்சியில முழிப்பேன்? சுபாவும் சொல்லுதா, 'அப்பா, நீ பேசு, இல்லன்னா நான் பேசுதேன்'னு. பேசிறாதட்டின்னு சொல்லிட்டேன். அவ போன வாங்கி என் பையில வச்சிருக்கேன்.

ஒரு நிமிஷம், என் போன் அடிக்கு.

மதுரை நம்பரு. மீனாட்சிநாதன் சார்.

இவரு எதுக்குக் கூப்பிடுதாரு? அந்த நர்ஸுப் புள்ளயோட போன வாங்கிப் பேசியிருப்பா. சுபாதான், அவளேதான், வேற யாரு. படுத்த படுக்கையிலயும் அடங்குதாளா பாருங்க. அடிக்கட்டும். நான் எடுக்கல. எடுத்தா 'என்ன அண்ணாச்சி வேணும்?'ம்பாரு, நான் வாயத் தொறந்தா தீந்துச்சு. எடுக்கலன்னா ஒண்ணும் ஆவலன்னு விட்டுருவாரு. இந்தா, இப்பிடிக் கவுத்திப் போட்டுருதேன். அடிச்சு ஓயட்டும். நீங்க ஆடுங்க தம்பி.

ஓஞ்சிருச்சு. பாத்தியளா? நான் சொன்னேன்லா?

திரும்பியுமா?

தம்பி, அது என் போனு. வைங்க. ஏன் எந்திரிக்கிய? தம்பி, இங்க பாருங்க, நல்லதனமாச் சொல்லுதேன், பச்சைய அமுக்காதிய. அய்யோ, அமுக்கிட்டானே. 'ஆமா சார்'ங்கியளே, நீங்க யாரு ஆமான்னு சொல்ல? குடுங்க இங்க. ஒண்ணுமில்ல, சும்மா காய்ச்சல்னு சொல்லுங்க. ஆஸ்பத்திரி பேர ஏன் சொல்லுதிய? சங்கரன்கோவில்னு ஏன் சொல்லுதிய? ஆம்புலன்சா? யாரு கேட்டா ஆம்புலன்சு? 'ஈறுல ரத்தம் வருது சார், சீக்கிரம் சார்'னு அவர்ட்டயே சொல்லுதியளே, பாவி, நான் அத உங்ககிட்டத்தானே சொன்னேன்? அவரு என்ன சொல்லுதாரு? கட்டில் போட்டு வைக்கேங்காரா? அவரே வாசல்ல நிக்கேங்காரா?

போச்சு. எல்லாம் போச்சு.

எத்தன வருசம் பொத்திப் பொத்தி வச்சிருந்தேன் தெரியுமா? எம் பொண்டாட்டிக்கே குடுக்கல நான். எங்க இருந்தோ வந்து, பேரு தெரியாத பய, ஒரு நொடியில தொறந்து ஊத்திட்டு நிக்கியளே. இனிமே பெருசா ஒண்ணு வந்தா நான் யாருகிட்டப் போவேன்? என்ன? இதவிடப் பெருசா என்னய்யா வரப் போவுதுன்னா கேக்கிய?

அவ அம்மைக்கு முடியாம இருந்தப்பவும் எல்லாரும் இதேதான் கேட்டாவ. இதவிடப் பெருசா என்ன வரப் போவுதுன்னு. வந்துச்சா இல்லையா? உள்ள கெடக்காளே எம் புள்ள, வந்துச்சா இல்லையா?